ஊழியர்களின் வயதும் ஊக்கமும்

ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் அண்மையில் சேர்ந்த இளநிலை உதவியாளரும், ஓய்வு பெறவிருக்கும் மூத்த உதவியாளரும் அடுத்தடுத்த மேசைகளில் பணிபுரிகின்றனர். இருவருக்கும் விதிகள் ஒன்றே. வேலை நேரமும் ஒன்றே. ஆயினும் இருவருக்கும் ஊக்கமளிப்பவை வேறுபடும். இவ்வேறுபாட்டை உணர்ந்த அலுவலரே இருவரிடமிருந்தும் நற்பணியைப் பெற இயலும்.

ஊதியம் உயர்ந்தால் உழைப்பும் தானே உயரும் என்பது பலரது கருத்து. அமெரிக்க உளவியல் அறிஞர் ஹெர்ஸ்பெர்க் தம் குழுவினருடன் பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியாளர்களிடமும் கணக்காளர்களிடமும் ஆய்வு நடத்தி, 1959ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். ஊதியக் குறைவும் மேலதிகாரியின் கடுமையும் மனக்குறையை விளைவிக்கும். அவற்றை நீக்கினால் குறை தீருமேயன்றி ஊக்கம் பிறந்துவிடாது. செயலை முடித்த நிறைவும், பாராட்டும், பொறுப்புமே ஊக்கம் தருவன என்பது அவர் முடிவு. ஆகவே, பயணப்படிப் பட்டியலை உரிய காலத்தில் அனுமதிப்பது நம் முதற்கடமை. ஆனால் அதுவே முழுக்கடமை ஆகாது.

இளைஞர்கள்: இவர்கள் கற்க விழைபவர்கள். தபால் பதிவேட்டோடு மட்டும் இவர்களைக் கட்டிப்போடலாகாது. ஓர் ஊராட்சியின் வீட்டுவரி வசூலைக் கண்காணிக்கும் பொறுப்பை முழுமையாக ஒப்படைக்கலாம். பிழை நேரின் உடனே, தனியே அழைத்துத் திருத்துதல் நலம்.

நடுவயதினர்: பிள்ளைகளின் கல்வி, பெற்றோரின் முதுமை ஆகிய இரு சுமைகளையும் தாங்குபவர்கள் இவர்கள். விடுப்பிலும் இடமாறுதலிலும் நடுநிலையை எதிர்பார்ப்பர். நன்றாக உழைப்பவர் மேசையிலேயே மேலும் மேலும் கோப்புகளைக் குவிப்பது, உழைப்புக்குத் தண்டனை விதிப்பதை ஒக்கும்.

மூத்தோர்: தமிழ்நாட்டில் அரசு ஊழியரின் ஓய்வு வயது 58இலிருந்து 2020இல் 59 ஆகவும், 2021இல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. "போகப் போகிறவர்தாமே" என்று இவர்களை ஒதுக்குதல் பெருந்தவறு. எந்த மழையில் எந்த ஏரிக்கரை உடைந்தது, எந்தப் புறம்போக்கின் எல்லையில் தகராறு எழுந்தது என்பன கோப்பில் இல்லாவிடினும் இவர்கள் நினைவில் உண்டு. கணினியைத் தொடத் தயங்குவோரும், இளையோர் முன் பிழை செய்ய நாணியே பெரும்பாலும் தயங்குகின்றனர். இளையவர் கணினியைக் கற்பிக்கட்டும். மூத்தவர் குறிப்பெழுதும் முறையைக் கற்பிக்கட்டும். இருவரும் ஆசிரியராகவும் மாணவராகவும் இருப்பதால் எவர் மதிப்பும் குறையாது.

எனினும், வயது ஒரு வழிகாட்டியே; முடிந்த முடிவன்று. கணவரை இழந்து, கருணை அடிப்படையில் 40 வயதில் பணியேற்கும் பெண்மணி, வயதில் மூத்தவரெனினும் பணிக்குப் புதியவர். அவருக்கு வேண்டுவது பயிற்சியும் பொறுமையும் ஆகும். எனவே ஒவ்வொருவரிடமும் கேட்டறிதலே நேர்வழி. மாதக் கூட்டத்தில் நிலுவைப் பட்டியலைப் படித்து முடித்தபின், "தங்கள் பணிக்குத் தடையாயிருப்பது யாது?" என்று வினவுவோமாக.

ஊழியரின் சோர்வால் ஒரு மனு மேசையிலேயே தங்குமாயின், இழப்பு ஊழியருக்கன்று. குடிநீர்க் குழாய்க்குக் காத்திருக்கும் தெருவுக்கே. ஊக்கம் பெற்ற அலுவலகத்தின் பயன் கிராம மக்களைச் சென்றடையும் என்பதில் ஐயமில்லை.