ஐரிஸ் டயாப்ரம் மக்கர் பண்ணினால்...

மைக்ராஸ்கோப் கண்டென்சருக்கு அடியில் உள்ள சின்ன லீவரை நாம் யாரும் மதிப்பதில்லை. ஐரிஸ் டயாப்ரத்தைத் திறந்து மூடுவது அதுதான். முழுக்கத் திறந்தே கிடந்தால் காட்சி வெளிறும். ரொம்ப மூடினால் நுண்விவரம் மறையும்.

லீவர் ஆடியும் துவாரம் மாறாவிட்டால், முதலில் லீவர் ஸ்குரூவைப் பாருங்கள். லீவர் இறுகினால், பெரும்பாலும் காய்ந்த கிரீஸ் அல்லது கசிந்த இம்மர்ஷன் ஆயில்தான் காரணம். இது தெரியாமல் நான் ஒருமுறை பலமாகத் தள்ளினேன். 'டிக்'கென்று சத்தம், ஒரு தகடு கழன்று தொங்கியது!

கண்டென்சரைக் கழற்றி, லென்ஸ்களைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். தகடுகளின் அடுக்கைப் படம் வரைந்துகொண்டு பிரியுங்கள். ஒவ்வொரு தகட்டின் இரு முனையிலும் எதிரெதிர்ப் பக்கமாக ஒரு பின் இருக்கும். ஒன்று நிலையான வளையத்தின் துளையிலும், மற்றது சுழலும் வளையத்தின் காடியிலும் உட்காரும். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, உலரவிட்டு, வரிசையாக அடுக்குங்கள். கடைசிச் சில தகடுகளை முதல் தகடுகளுக்கு அடியில் செருக வேண்டும். இங்கேதான் பொறுமை வேணும்! தகடுகளுக்கு எண்ணெய் வேண்டவே வேண்டாம், ஒட்டிக்கொள்ளும். வளையத்தின் வெளிவிளிம்பில் மட்டும் துளி கிரீஸ் போதும்.

எனக்கு நாலாவது தடவைதான் சரியாக உட்கார்ந்தது. ஒரு நொடி அவசரத்துக்கு ஒரு மத்தியானம் அபராதம்! இறுகினால் தள்ளாதீங்க, கழற்றிப் பாருங்க.