டயரைப் பெரிதாக்கினால் கியர் என்னாகும்?

கேள்வி: எங்களுக்குக் கோத்தகிரி பக்கம் இரண்டரை ஏக்கர் தேயிலை. எங்கள் ஹட்டியிலிருந்து (ஊரிலிருந்து) தோட்டம் வரை இரண்டு கிலோமீட்டர் மண் பாதை, நடுநடுவே கருங்கல் பாவியது. உர மூட்டை, ஆட்கள், சில நாள் கொழுந்து மூட்டை ஏற்றுவதற்காக ஒரு பழைய ஜிப்ஸி கிங் வாங்கியிருக்கிறேன். 205/70 R15 டயர். ஐப்பசி மழையில் மண் பாதையில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. கோவையில் ஒரு கடையில் 235/75 R15 மட் டயரும், வெளியே தள்ளி நிற்கும் அகல ரிம்மும் போடச் சொல்கிறார்கள். மச்சான் அதுவும் போதாது, 31 இஞ்ச் போடு என்கிறான். வண்டி ஏற்கெனவே ஏற்றத்தில் திணறுகிறது. எதைப் போடலாம்?
– ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: கடைக்காரரையும் மச்சானையும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். நீங்கள் கடைசியில் எழுதியதுதான் முக்கியம்: வண்டி ஏற்கெனவே திணறுகிறது. அதற்கு வண்டியின் வயது மட்டும் காரணமல்ல. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சுமார் பத்து சதவீதம் சக்தியை இழக்கும். மேலே போகப் போகக் காற்றின் அடர்த்தி குறைகிறது, உள்ளே எரிவதும் குறைகிறது. கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர். உங்கள் ஜிப்ஸியின் 1.3 லிட்டர் எஞ்சின் புதிதாக இருந்தபோது 80 குதிரைத்திறன் என்றால், உங்கள் வாசலில் அது 65, 66 தான். அதுவும் இந்த எஞ்சினின் முழு இழுவை 4,500 சுற்றுக்குப் போனால்தான் வரும். மண் பாதையில் மூட்டையோடு ஊர்ந்து போகும்போது 4,500 சுற்றுக்கு எங்கே போவது?

இப்போது டயர் கணக்கு. 205/70 R15 என்றால் டயரின் உயரம் 668 மில்லிமீட்டர். 235/75 R15 போட்டால் 733. கிட்டத்தட்ட பத்து சதவீதம் கூடுதல். டயர் பத்து சதவீதம் பெரிதானால் எல்லா கியரும் பத்து சதவீதம் உயர்ந்துவிட்டதாக அர்த்தம். எஞ்சின் அதே சுற்று சுற்றும். வண்டி அதிக தூரம் போகும். தரையைத் தள்ளும் விசை அந்த அளவுக்குக் குறையும். மலை எடுத்துக்கொண்டதையும் டயர் எடுத்துக்கொள்வதையும் சேர்த்தால் சமவெளியில் கிடைத்த இழுவையில் நாலில் ஒரு பங்கு போய்விடும். மச்சான் சொல்லும் 31 இஞ்சில் கிட்டத்தட்ட முப்பது சதவீதம் போகும். இத்தனைக்கும் கிடைக்கும் லாபம் என்ன? 235 போட்டால் ஆக்சிலுக்கு அடியில் 33 மில்லிமீட்டர் இடைவெளி கூடும். இரண்டு விரல் அகலம்.

இந்த மலையில் ஏறுவதற்கு ஒரு விடை நூற்றாண்டுக்கு முன்பே கிடைத்துவிட்டது. 1899-ல் குன்னூர் வரை வந்த ரயிலைக் கவனித்திருப்பீர்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை சுமார் பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏற்றம். அதற்காக யாரும் எஞ்சினுக்குப் பெரிய சக்கரம் மாட்டவில்லை. தண்டவாளங்களுக்கு நடுவே பல் தண்டு பதித்து, எஞ்சினுக்கு அடியில் பல்சக்கரம் வைத்தார்கள். அந்தப் பகுதியில் அது மணிக்குப் பதின்மூன்று கிலோமீட்டர் வேகத்தில்தான் ஏறும். ஆனால் ஏறிவிடும்.

உங்கள் வண்டியில் அந்த வேலையைச் செய்ய வேண்டியது டிரான்ஸ்ஃபர் கேஸ், அதாவது ஹை, லோ மாற்றும் பெட்டி. ஜிப்ஸி கிங்கின் பலவீனமே அங்கேதான் இருக்கிறது. ஹை விகிதம் 1.409, லோ விகிதம் 2.268. அதாவது லோவுக்கு மாற்றினாலும் வேகம் பாதியாகக்கூடக் குறையாது; 1.6 மடங்குதான். 1985-ல் வந்த பழைய ஒரு லிட்டர் ஜிப்ஸியில் இதே இடத்தில் 1.58, 2.51 என்ற கியர்கள் இருந்தன. சின்ன எஞ்சினுக்கு ஈடுகட்ட வைத்தது. அந்தப் பழைய கியரை 1.3 வண்டிக்கு மாற்றிக்கொள்வது ஜிப்ஸிக்காரர்கள் உலகம் முழுக்கச் செய்கிற வேலை. ஹையில் 12 சதவீதம், லோவில் 11 சதவீதம் கூடுதல் இழுவை கிடைக்கும். நல்ல நிலையில் கியர் கிடைத்தால், ஜிப்ஸி வேலை தெரிந்த மெக்கானிக்கிடம் மட்டும் கொடுங்கள். பெட்டியோடு மாற்றுவதா, உள்ளே உள்ள செட்டை மட்டும் மாற்றுவதா என்பதைத் திறந்து பார்த்து அவர் சொல்லட்டும். மேட்டுப்பாளையம் – கோவை ரோட்டில் எஞ்சின் கொஞ்சம் அதிகமாகச் சத்தம் போடும். தோட்ட வண்டிக்கு அது ஒரு குறையே அல்ல.

அகலத்துக்கு வருகிறேன். அகலமான டயர் மண்ணில் நன்றாகப் பிடிக்கும் என்பது மணலுக்குச் சரி. நம் செம்மண் சேறு வேறு. மேலே நாலு விரல் வழுக்கும், அடியில் கெட்டித் தரை இருக்கும். குறுகலான டயர் சேற்றை வெட்டிக்கொண்டு அந்தத் தரையைத் தொடும். அகல டயர் சேற்றின் மேலேயே மிதந்து பக்கவாட்டில் நழுவும். பாதையின் ஒரு பக்கம் தேயிலைச் சரிவு என்றால் இந்த நழுவல் எங்கே கொண்டுபோய் விடும் என்று உங்களுக்குத் தெரியும். தவிர, ஜிப்ஸியில் பவர் ஸ்டியரிங் கிடையாது. கொண்டை ஊசி வளைவில் 235 டயரைத் திருப்பிப் பாருங்கள், தோள் சொல்லும்.

வெளியே தள்ளி நிற்கும் ரிம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. சக்கரம் வெளியே போகப் போக முன் ஆக்சிலின் கிங்பின் பேரிங்கும் வீல் பேரிங்கும் அதிகப் பாரம் சுமக்கும். ஒரு நாள் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் கைக்குள் குலுங்கத் தொடங்கும். வண்டி வாங்கியதும் யாரும் பார்க்காத பேரிங்குகள் அவை. டயருக்குக் காசு செலவழிக்கும் முன்னால் அவற்றைப் பார்த்துவிடுங்கள். எந்த டயர் போட்டாலும் ஒரு சோதனை செய்யுங்கள். முன் சக்கரம் ஒன்றை ஒரு கல் மேல் ஏற்றி நிறுத்தி, ஸ்டியரிங்கைக் கடைசி வரை திருப்பி, டயருக்கும் லீஃப் ஸ்பிரிங்குக்கும் நடுவே கையை விடுங்கள். ஒரு விரல் தாராளமாகப் போகவேண்டும். இன்னொரு பக்கமும் அப்படியே. சமதரையில் கடைக்காரர் காட்டும் இடைவெளி ஒன்றுக்கும் உதவாது.

மட் டயரா, தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான ஏ.டி. டயரா? அந்த இரண்டு கிலோமீட்டர் மட்டும்தான் ஓட்டம் என்றால் மட் டயரே மேல். பெரிய பட்டன்கள், மண்ணை உதறித் தள்ளும். ஆனால் மீதி ஓட்டம் முழுக்கத் தார் ரோடு; அதுவும் பாதி வருடம் ஈரத்தோடும் மூடுபனியோடும். ஈரத் தாரில் மட் டயர் தரையைத் தொடும் ரப்பரே குறைவு, பிரேக் போட்டால் நிற்கும் தூரம் கூடும். ஏ.டி. போடுங்கள். இப்போதுள்ள அளவிலேயே, கம்பெனி ரிம்மிலேயே. கருங்கல் முனை பக்கச் சுவரைக் கிழிக்காமல் இருக்க, கிடைக்கிறதில் தடிமனான பக்கச் சுவர் உள்ளதாகப் பாருங்கள். நான்கும் ஒரே அளவு, ஒரே மாதிரி. முன்னும் பின்னும் உயரம் வேறுபட்டால் ஃபோர் வீல் போட்டதும் கியர்கள் ஒன்றையொன்று முறுக்கும்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாமல் மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆள் ஏற்றும் வண்டி விபத்தில் மாட்டினால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் அதைத்தான். கியர் மாற்றினாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

செலவே இல்லாத மூன்று விஷயங்களை முதலில் செய்து பாருங்கள். முன் ஹப்பைக் கையால் திருப்பும் வண்டியானால், சேற்றுக்கு முன்னால் இறங்கி 'லாக்'குக்குத் திருப்பினீர்களா? பலர் லீவரை மட்டும் இழுத்துவிட்டு, முன் சக்கரம் சுற்றவில்லை என்று புலம்புவார்கள். இரண்டாவது காற்று. டியூப்லெஸ் டயரானால் மண் பாதையில் மூன்றில் ஒரு பங்கு காற்றைக் குறைத்து, மெதுவாகப் போங்கள். தார் ரோட்டுக்கு வருமுன் மறுபடி அடித்துவிட வேண்டும். டியூப் போட்ட டயரில் இதைச் செய்தால் டியூப் நழுவி வால்வு அறுந்துவிடும். மூன்றாவது, டயரின் வயது. பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014-ன் 23-வது வாரம் செய்தது. பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் அந்த ரப்பர் கல்லாகிவிட்டது. உங்கள் வண்டி நின்ற இடத்திலேயே சுற்றுவதற்குப் பாதிக் காரணம் இதுவாகவே இருக்கும் என்பது என் ஊகம்.

கேள்வி: என்னிடம் ஐந்து கதவு ஜிம்னி. 195/80 R15 டயர். 215/75 R15 போட்டால் கியர் ஏதாவது மாற்ற வேண்டுமா?
– ஒரு வாசகி, குன்னூர்

பதில்: வேண்டாம். 693 மில்லிமீட்டர் 703 ஆகிறது. ஒன்றரை சதவீதம், ஸ்பீடோமீட்டர்கூட அதைக் கண்டுகொள்ளாது. ஜிம்னியில் லோவுக்கு மாற்றினால் வேகம் பாதியாகிவிடும், முதல் கியரும் நல்ல தாழ்வு. ஜிப்ஸிக்காரர் ஏங்கும் இழுவை உங்களுக்குக் கம்பெனியே தந்திருக்கிறது. ஆனால் சட்டம் உங்களுக்கும் அதுதான்; அளவு மாறுகிறது. பக்கச் சுவரில் எழுதியிருக்கும் பார எண் 96-க்குக் கீழே போகக் கூடாது என்பதை மட்டும் கவனியுங்கள். 96 என்றால் ஒரு டயர் 710 கிலோ தாங்கும். சிம்ஸ் பார்க் வரை போய்வருவதற்கு என்றால், இருக்கிற டயர் தேயட்டும், அதுவரை ஒன்றும் மாற்றாதீர்கள்.

கேள்வி: ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழியாக அடிக்கடி இறங்குகிறேன். ஃபோர் வீல் போட்டு இறங்குவது பாதுகாப்பா? சில நண்பர்கள் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குகிறார்கள்.
– ஒரு வாசகர், ஊட்டி

பதில்: இரண்டும் கூடாது. உலர்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு 36 கொண்டை ஊசி வளைவுகளைத் திருப்பினால், முன் சக்கரம் போகும் வட்டமும் பின் சக்கரம் போகும் வட்டமும் ஒன்றல்ல. அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க இந்தச் சின்ன வண்டிகளில் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. கியர் பெட்டிக்குத்தான் கேடு.

நியூட்ரல் அதைவிட மோசம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,200 கிலோ எடையுள்ள வண்டி ஆயிரம் மீட்டர் கீழே இறங்கும்போது விடுகிற சக்தி, 35 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதில் பெரும்பகுதியை யாராவது ஏற்றுக்கொள்ள வேண்டும்: ஒன்று எஞ்சின், இல்லாவிட்டால் பிரேக். நியூட்ரல் போட்டால் முழுக்கப் பிரேக் தலையில். லைனிங் தீய்ந்த நாற்றம் வந்தபின் மிதித்தால் பெடல் இறங்கும், வண்டி நிற்காது. மலைப் பாதைகளில் இரண்டாவது கியர் என்று போர்டு வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். இரண்டாவதில் வேகம் ஏறினால் முதலாவதுக்குப் போங்கள். பெரிய டயர் போட்ட வண்டியில் எஞ்சின் பிடிக்கும் பிடியும் அதே பத்து சதவீதம் குறையும், பிரேக்கும் அதே அளவு தளரும். கோத்தகிரி வாசகர் இதையும் படிக்க வேண்டும்.

கேள்வி: மேட்டுப்பாளையத்தில் காற்று அடித்துக்கொண்டு ஊட்டி வந்தால் டயரில் காற்று கூடுமா, குறையுமா?
– ஒரு வாசகர், வெலிங்டன்

பதில்: உயரத்தால் சுமார் மூன்று பி.எஸ்.ஐ. கூடும், குளிரால் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். வெயில் நாளில் இரண்டும் ஏறக்குறைய சரியாகிவிடும். மார்கழி, தை உறைபனிக் காலையில் குளிர் ஜெயிக்கும். வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது, ஊட்டியிலேயே ஒருமுறை பார்த்து அடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த இதழுக்குக் கேள்வி அனுப்புகிறவர்கள், டயர் பக்கச் சுவரில் எழுதியிருக்கும் அளவையும் அந்த நாலு இலக்க எண்ணையும் அப்படியே எழுதி அனுப்புங்கள். ரிம் மாற்றியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.