ஐ.பி. முகவரி தனிநபர் தரவா?

இணையத்தில் இணையும் கருவிக்கு ஓர் எண் முகவரி தேவைப்படுகிறது. இதனை ஐ.பி. முகவரி என்பர். கடிதத்திற்குப் பதில் வரவேண்டுமெனில் அனுப்புநர் முகவரி வேண்டும் அல்லவா? அதுபோலவே, நாம் கேட்ட பக்கம் நம் திரைக்கு வந்து சேர இம்முகவரி வழிகாட்டுகிறது. நாம் நாடும் இணையத்தளங்கள் அதனைப் பதிவு செய்து வைக்கவும் இயலும். பெயரே இல்லாத இந்த எண் தனிநபர் தரவாகுமா?

ஜொகூர் மாநிலத்தின் பாலோவில் உள்ள ஒரு வீட்டைக் கற்பனை செய்வோம். தந்தை கைப்பேசியில் செய்தி வாசிக்கிறார். மகள் மடிக்கணினியில் பாடம் படிக்கிறாள். பாட்டி நாடகம் பார்க்கிறார். மூவரும் ஒரே வைஃபை இணைப்பைப் பயன்படுத்துவதால், வெளியுலகிற்குப் பெரும்பாலும் ஒரே முகவரிதான் தெரியும். அதுவும் அவ்வப்போது மாறக்கூடும். எனவே, இணையத்தளத்தை நடத்துபவருக்கு அது வெறும் எண். ஆனால், எந்த நேரத்தில் எந்த வாடிக்கையாளருக்கு அந்த எண் வழங்கப்பட்டது என்பதை இணையச் சேவை நிறுவனம் அறியும். இவ்விரு பதிவுகளும் ஒன்றுசேர்ந்தால், இணைப்பைப் பெற்றவரின் பெயர் வெளிப்பட்டுவிடும்.

இக்கேள்வி ஐரோப்பாவில் நீதிமன்றம் வரை சென்றது. அரசு இணையத்தளங்கள் தம் ஐ.பி. முகவரியைச் சேமிப்பதை எதிர்த்து, ஜெர்மானிய அரசியல்வாதி பாட்ரிக் பிரையர் வழக்குத் தொடுத்தார். ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2016 அக்டோபர் 19ஆம் நாள் தீர்ப்பளித்தது. சேவை நிறுவனத்திடம் உள்ள கூடுதல் விவரங்களைக் கொண்டு ஒருவரை அடையாளம் காணத் தளத்தை நடத்துபவருக்குச் சட்டவழி இருந்தால், மாறும் முகவரியும் தனிநபர் தரவே என்றது அத்தீர்ப்பு.

மலேசியாவின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் வரையறையில் ஐ.பி. முகவரி என்னும் சொல் இடம்பெறவில்லை. எனினும், வணிக நடவடிக்கையின்போது பெறப்படும் ஒரு தகவல், தனித்தோ நிறுவனத்தின் கைவசமுள்ள பிற தகவலோடு சேர்ந்தோ ஒருவரை அடையாளம் காட்டினால், அது தனிநபர் தரவாகும். ஆகவே, வாடிக்கையாளர் பட்டியலை வைத்திருப்பவரிடம் இருக்கும்போது அந்த எண்ணும் காக்கப்பட வேண்டிய தரவாகிறது. மத்திய, மாநில அரசுகளுக்கு இச்சட்டம் பொருந்தாது.

அடையாளம் காட்டும் இந்த எண் தவறாகவும் வழிநடத்தலாம். 2007இல், இணையத்தில் அவதூறான படத்தைப் பதிவேற்றியதாகப் பெங்களூரைச் சேர்ந்த மென்பொருள் பொறியாளர் ஒருவர் கைது செய்யப்பட்டார். அந்த ஐ.பி. முகவரிக்குரியவர் யார் என்ற விவரம் தவறாக வழங்கப்பட்டிருந்தது. குற்றமற்ற அவர் ஏறத்தாழ 50 நாள்கள் சிறையில் வாடினார்.

ஐ.பி. முகவரி ஓர் இணைப்பைத்தான் சுட்டுகிறது. அதைப் பயன்படுத்திய விரல்களைச் சுட்டுவதில்லை. ஒருவரின் வாழ்வோடு தொடர்புடையது என்பதால் அதனைப் பாதுகாக்க வேண்டும். அதை மட்டுமே சான்றாகக் கொண்டு எவர்மீதும் பழி சுமத்தலாகாது.