வலை இருக்க, சூரைக்கு மிதக்கும் இரை எதற்கு?

கேள்வி: முல்லைத்தீவுக் கடலில் வலையைக் கைவிட்டு, நீர்மேல் இழுக்கும் செயற்கை இரையால் சூரை பிடிப்பது பிழைப்புக்கு உதவுமா?

பதில்: உதவும், ஆனால் வலையைக் கைவிடத் தேவையில்லை. சூரை நெத்தலி, சாளைக் கூட்டங்களைக் கீழிருந்து மேலே விரட்டும் மீன். நீர் கொதிப்பதுபோல் துள்ள, பறவைகள் மேலே வட்டமிடும். அந்தச் சில நிமிடங்களில், குழிந்த முகத்தால் நீரை அறைந்து நுரை கிளப்பும் மிதப்பு இரை, தப்பியோடும் குஞ்சுமீனாகவே தெரியும். கூட்டத்துக்குள் படகை ஓட்டாதீர்கள், சூரை அமிழ்ந்துவிடும். ஓரமாக நின்று, கூட்டம் நகரும் திசைக்கு முன்னால் எறியுங்கள்.

வலையில் நூறு மீன் விழ, தூண்டிலில் ஒன்றுதானே என்பீர்கள். உண்மைதான். ஆனால் சூரையின் உடற்சூடு கடல்நீரைவிடக் கூடியது. வலையில் மணிக்கணக்கில் செத்துக் கிடந்தால் தசை கெடும். அப்போது உருவாகும் ஹிஸ்டமின் சமைத்தாலும் அழியாது, உண்டவருக்கு முகம் சிவந்து தலையிடிக்கும். தூண்டிலில் வந்ததை உடனே கொன்று, செவுளருகே கீறி இரத்தம் வடித்து, ஐஸில் புதைக்கலாம். மாலைதீவார் தலைமுறைகளாக ஒவ்வொன்றாகத் தூண்டிலில் பிடித்தே சூரைக்குப் பெயர் வாங்கினார்கள். எரிபொருள் செலவு என்ற ஆட்சேபம் இதைவிடக் கனமானது. மீனைத் தேடி அலைந்தால் நட்டம்தான். வலைக்குப் போகும் வழியில் பறவை கண்டால் மட்டும் எறியுங்கள். வாடைக்காற்று கிளம்பிய மாதங்களில் சிறுபடகோடு இதற்காகக் கடலில் இறங்கவே வேண்டாம்.