கஞ்சி மட்டும் போதாது: குடல் அழற்சிக்காரர்களின் புரதக் கணக்கு

க்ரோன் நோயோ அல்சரேட்டிவ் கொலைட்டிஸோ கிளம்பியிருக்கும் நாட்களில் நம் வீடுகளில் என்ன சமைப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். காலையில் மூன்று இட்லி, தொட்டுக்கொள்ளச் சர்க்கரை. பதினொரு மணிக்கு அரோரூட் கஞ்சி. மதியம் குழைந்த சோறு, ரசம், ஒரு டம்ளர் நீர்மோர். சாயங்காலம் டீயும் இரண்டு பிஸ்கட்டும். ராத்திரிக்கு இடியாப்பம். வயிற்றுக்கு இதமான சாப்பாடுதான், செய்து கொடுப்பவர்களின் அக்கறையிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் இதில் இருக்கும் புரதத்தைக் கூட்டிப் பாருங்கள். இட்லி ஒன்றுக்கு ஏறக்குறைய 2 கிராம். ஒரு தட்டுச் சோற்றில் 5 அல்லது 6 கிராம். நீர்மோரில் ஒன்றிரண்டு கிராம். அரோரூட் கஞ்சியிலும் ஜவ்வரிசிக் கஞ்சியிலும் இருப்பது வெறும் மாவுச்சத்து. புரதம் இல்லை என்றே சொல்லிவிடலாம். நாள் முழுவதும் சேர்த்தால் 20, 25 கிராம் தேறும். சாப்பிடுபவர் 50 கிலோ எடை என்றால், அந்த நாட்களில் அவருக்குத் தேவை 60 முதல் 75 கிராம்.

நோய் அடங்கியிருக்கும்போது நன்றாகச் சாப்பிடுகிறோம். கிளம்பியவுடன் முதலில் முட்டையை நிறுத்துகிறோம், பிறகு மீனை, பிறகு பருப்பை. உடம்புக்குப் புரதம் மிக அதிகமாகத் தேவைப்படும் வாரங்களில்தான் அது மிகக் குறைவாகப் போய்ச் சேருகிறது. வருஷத்துக்கு இரண்டு முறை இப்படி நடந்தாலே தொடையும் தோளும் வற்றிவிடும். மாத்திரை வேலை செய்து பேதி நின்ற பிறகும் மாடிப்படி ஏற முடியவில்லை என்று சொல்பவர்கள் பலர் இந்த வழியாக வந்தவர்கள்தான்.

தேவை ஏன் கூடுகிறது? அழற்சி இருக்கும்போது உடம்பு தன் தசையையே உடைத்துப் பயன்படுத்துகிறது. புண்ணான குடல் சுவர் வழியாக ரத்தத்தில் உள்ள புரதமும் கசிந்து வெளியேறுகிறது. புண் ஆறுவதற்கும் புரதம் வேண்டும். இத்தனைக்கும் மேலே பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரை சேர்ந்தால் தசை கரைவது இன்னும் வேகமெடுக்கும். ஆகவே “குடலுக்கு ஓய்வு கொடுக்கிறேன்” என்று புரதத்தைக் குறைப்பது பெரும்பாலும் ஓய்வாக முடிவதில்லை, பட்டினியாகத்தான் முடிகிறது. இன்னொன்றையும் மனதில் வையுங்கள். புரதம் செரித்து உறிஞ்சப்படுவது பெரும்பாலும் சிறுகுடலில். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் தாக்குவது பெருங்குடலை. நன்றாக வெந்த முட்டையோ மீனோ புண் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேருவதற்குள் அதன் புரதத்தில் பெரும் பகுதி உள்ளே இழுக்கப்பட்டுவிடும்.

இனிக் கணக்குக்கு வருவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் ஆரோக்கியமான பெரியவர்களுக்குச் சொன்ன அளவு, நாளொன்றுக்குக் கிலோவுக்கு 0.83 கிராம். அது தரமான புரதத்தை வைத்துச் சொன்னது. அரிசியையும் கோதுமையையும் நம்பிச் சாப்பிடுபவர்களுக்கு 1 கிராம் என்று வைத்துக்கொள்வதே சரி. குடல் அழற்சி நோய் அடங்கியிருக்கும் காலத்திலும் இதே 1 கிராம் போதும். நோய் கிளம்பியிருந்தால் 1.2 முதல் 1.5 கிராம். மருத்துவ ஊட்டச்சத்துக்கான ஐரோப்பிய அமைப்பின் வழிகாட்டுதலும் இந்த எண்களைத்தான் சொல்கிறது. குடல் அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் இந்த உயர்ந்த அளவையே வைத்துக்கொள்ளலாம்.

எந்த எடையை வைத்துப் பெருக்குவது என்பதில் பலருக்கும் குழப்பம். உடம்பு பருமனாக இருப்பவர்கள் தற்போதைய எடையை எடுத்தால் தேவையில்லாமல் பெரிய எண் வரும். உயரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து 100ஐக் கழியுங்கள், அந்த எடை போதும். 160 செ.மீ. உயரம் என்றால் 60 கிலோ. நோயில் மெலிந்துபோனவர்கள் இப்போதைய எடையில் தொடங்கி, எடை திரும்பத் திரும்பப் புரத அளவையும் உயர்த்திக்கொண்டு போகலாம்.

60, 70 கிராம் என்றதும் மலைப்பாக இருக்கும். பேதி நாளைக்கு ஆறேழு முறை போய்க்கொண்டிருக்கும்போது யாருக்குத்தான் சாப்பிடத் தோன்றும்? அதனால் ஒரே நாளில் எட்டிப்பிடிக்க முயல வேண்டாம். இன்று சாப்பிடுவதோடு 10 கிராம் சேருங்கள். மூன்று நான்கு நாள் வயிறு ஏற்றுக்கொண்டால் இன்னொரு 10. ஒரே வேளையில் திணிக்காமல் ஐந்தாறு வேளைக்குப் பிரித்துக்கொள்ளுங்கள்.

தொடங்குவதற்கு நான் முதலில் சொல்வது முட்டை. ஒன்றில் 6 கிராம் புரதம், நார்ச்சத்து கிடையாது, விலையும் கைக்கு அடக்கம். வேக வைத்தோ, எண்ணெய் அதிகமில்லாமல் பொரியலாகவோ சாப்பிடலாம். மஞ்சள் கருவைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. வைட்டமின்கள் அதில்தான் இருக்கின்றன. நாட்டுக்கோழி முட்டையைப் பச்சையாகக் குடித்தால் தெம்பு என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். வெந்த முட்டையின் புரதத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் செரிக்கிறது. பச்சை முட்டையில் பாதிதான். அசாதியோபிரின் மாத்திரையோ பயாலஜிக் ஊசியோ எடுப்பவர்களுக்குப் பச்சை முட்டையிலிருந்து வரும் கிருமித் தொற்று ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குப் போகலாம்.

அடுத்தது மீன். சதை மட்டும் 100 கிராம் எடுத்தால் 18 முதல் 20 கிராம் புரதம். வஞ்சிரம், கொடுவா, விளமீன் என எது கிடைத்தாலும் சரி. மிளகாயும் புளியும் குறைத்த குழம்பில் போடலாம், ஆவியிலும் வேக வைக்கலாம். சுறாப்புட்டு செய்வதுபோல மீனை அவித்து, முள்ளெடுத்து உதிர்த்து, இஞ்சியும் மஞ்சளும் சேர்த்துக் கிளறிக் கொடுத்தால் பல் வலிக்காரர்கூடச் சாப்பிடுவார். கோழிக்கறியும் இதேபோல மெத்தென்று வெந்திருந்தால் நல்லது, 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் உண்டு. எண்ணெயில் முறுகப் பொரித்தது நோய் அடங்கும்வரை காத்திருக்கட்டும்.

ஆட்டுக்கால் சூப், நெஞ்செலும்பு சூப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். உப்பும் நீரும் உள்ளே போக அது நல்ல வழி, பேதியில் இழந்ததை ஈடுகட்ட உதவும். ஆனால் தெளிவாக வடித்த சூப்பில் புரதம் சொற்பம். இருப்பதும் பெரும்பாலும் ஜெலட்டின், தசை வளர்க்கத் தேவையான எல்லா அமினோ அமிலங்களும் அதில் இல்லை. சூப்பைக் குடியுங்கள், கூடவே அதிலிருந்த கறியையும் குழைய வேக வைத்துச் சாப்பிடுங்கள்.

சைவக்காரர்களுக்கு வழி கொஞ்சம் சுற்று, ஆனால் உண்டு. பன்னீர் 50 கிராமில் 9 கிராம். கெட்டித் தயிர் 200 கிராமில் 6 கிராம். பால் குடித்தால் வயிறு உப்பி, பேதி கூடுகிறது என்றால் அது பெரும்பாலும் லாக்டோஸ் செரிக்காததால். பாலை நிறுத்திவிட்டுத் தயிரைத் தொடரலாம், தயிரில் லாக்டோஸின் ஒரு பகுதி ஏற்கெனவே உடைந்திருக்கும். ஒரு டம்ளர் பால் ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்காகப் பன்னீரையும் தயிரையும் சேர்த்துத் தள்ளிவைத்துவிடுகிறார்கள், அதுதான் என்னை வருத்துகிறது. பருப்பில் தோல் நீக்கிய பாசிப்பருப்பே மென்மையானது. ஒரு ஆளுக்கு 30 கிராம் பருப்பை நன்றாகக் குழைத்துக் கடைந்தால் 7 கிராம். பொட்டுக்கடலை மாவு இரண்டு மேஜைக்கரண்டி கஞ்சியில் கரைத்தால் 4 கிராம் கூடும். வாயு அதிகமாகும் எனத் தோன்றினால் அளவைப் பாதியாக்குங்கள். இட்லியில் உளுந்து கொஞ்சம் கூடுதலாகப் போட்டு ஆட்டுவதும் பயன் தரும்.

க்ரோன் நோயில் குடல் சுருங்கிப்போயிருக்கிறது என்று ஸ்கேனில் சொல்லியிருந்தால் கொண்டைக்கடலைச் சுண்டல், முளைகட்டிய பயறு, முழு வேர்க்கடலை, தோலோடு இருக்கும் மொச்சை இவை எதுவும் கூடாது. சுருங்கிய இடத்தில் அடைத்துக்கொண்டால் அவசர அறுவை சிகிச்சைவரை போகலாம். வேர்க்கடலை வேண்டுமென்றால் நைசாக அரைத்த சட்னியாக மட்டும்.

இப்படி ஒரு நாள் எப்படி இருக்கும்? காலையில் மூன்று இட்லியும் இரண்டு வெந்த முட்டையும், 18 கிராம். பத்தரை மணிக்கு ஒரு கிண்ணம் தயிர், 6. மதியம் குழைந்த சோறு, கடைந்த பாசிப்பருப்பு, 100 கிராம் மீன், 30. சாயங்காலம் ஒத்துக்கொண்டால் பாலில் காய்ச்சிய ராகிக் கஞ்சி, 6 அல்லது 7. ராத்திரி இடியாப்பத்தோடு ஒரு முட்டை, 10 அல்லது 11. சுமார் 70 கிராம் வந்துவிட்டது. சோறும் இட்லியும் அப்படியே இருப்பதைக் கவனியுங்கள். புரதம் கூட வேண்டும் என்பதற்காகச் சோற்றைக் குறைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: மொத்தச் சாப்பாடு போதாதபோது உடம்பு புரதத்தையே எரிபொருளாக்கிவிடும், தசைக்கு மிச்சம் இருக்காது.

சிவப்பு இறைச்சி பற்றிய கேள்வி தவறாமல் வருகிறது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் உள்ளவர்கள் ஆட்டுக்கறி, மாட்டுக்கறியைக் குறைத்துக்கொள்வது விவேகம். க்ரோன் நோய்க்கு அப்படிக் கட்டாயமில்லை. அமெரிக்காவில் க்ரோன் நோய் அடங்கியிருந்தவர்களிடம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வில், சிவப்பு இறைச்சியைக் குறைத்தவர்களுக்கு நோய் திரும்புவது குறையவில்லை. சாசேஜ், சலாமி போன்ற பதப்படுத்திய இறைச்சியை இருவருமே தவிர்க்கலாம்.

புரோட்டீன் பவுடர் தேவையா? சாப்பாட்டில் எட்ட முடிந்தால் தேவையில்லை. எட்ட முடியாத வாரங்களில் உதவும். வே புரோட்டீன் வாங்குவதானால் கான்சன்ட்ரேட்டைவிட ஐசோலேட்டில் லாக்டோஸ் குறைவு. டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்: சார்பிட்டால், சைலிட்டால், இனுலின் இருந்தால் பேதியும் உப்புசமும் கூடலாம். கடைகளில் தெம்புக்காக விற்கும் மால்ட் பானப் பொடிகளைப் புரதமாக எண்ணாதீர்கள். அவற்றில் பெரும்பகுதி சர்க்கரையும் தானியமும்தான்.

ரத்தப் பரிசோதனையில் ஆல்புமின் குறைவு என்று வந்தால் உடனே வீட்டில் பத்து முட்டையின் வெள்ளைக்கருவைக் கொடுக்கத் தொடங்குகிறார்கள். அழற்சி இருக்கும்போது கல்லீரல் ஆல்புமின் தயாரிப்பைக் குறைத்துக்கொள்ளும், குடல் வழியாகவும் அது கசியும். சாப்பாடு வேண்டியதுதான், ஆனால் அந்த எண் உயர்வது பெரும்பாலும் அழற்சி அடங்கும்போதுதான். ஆகவே மருந்தை விட்டுவிட்டு முட்டையைக் கூட்டுவதில் பலன் இருக்காது. எடைத் தராசும் ஏமாற்றும். ஸ்டீராய்டு எடுக்கும்போது நீரும் கொழுப்பும் சேர்ந்து எடை ஏறும், உள்ளே தசை குறைந்துகொண்டிருக்கும். அதைவிட நல்ல சோதனை ஒன்று வீட்டிலேயே செய்யலாம். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். வயதானவர்களுக்காக வகுத்த இந்தச் சோதனையில் 12 வினாடி அல்லது அதற்கு மேல் ஆனால் உடல் இயக்கத் திறன் குறைவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். முப்பது வயதுக்காரருக்கு அவ்வளவு நேரமாகிறது என்றால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தெம்பு திரும்பியதும் நடைப்பயிற்சியோடு லேசான எடை தூக்கும் பயிற்சியும் சேருங்கள்; தசைக்கு வேலை கொடுக்காமல் சாப்பிடும் புரதம் தசையாகத் தங்குவது கடினம்.

இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாதவர்களும் இருக்கிறார்கள். சிறுநீரகப் பழுது உள்ளவர்கள் மருத்துவர் சொல்லும் அளவைத் தாண்டக் கூடாது. மெசலமைன் மாத்திரை அரிதாகச் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் அதை எடுப்பவர்கள் வருஷத்துக்கு ஒரு முறையாவது கிரியேட்டினின் பார்த்துக்கொள்ளுங்கள், புரதத்தைக் கூட்டப்போகிறீர்கள் என்றால் அதற்கு முன்பே பாருங்கள். பத்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றும் சாப்பிடாமல் கிடந்தவருக்கோ சில மாதங்களில் எடை மளமளவென்று இறங்கியவருக்கோ வீட்டில் திடீரென்று சாப்பாட்டைக் கூட்டாதீர்கள். ரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும், அவர்களுக்கு ஆஸ்பத்திரிக் கண்காணிப்பில்தான் தொடங்க வேண்டும்.

குழந்தைகளுக்கு இந்தக் கிலோக் கணக்கே பொருந்தாது, வளர்ச்சியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். க்ரோன் நோய் உள்ள பிள்ளைகளுக்கு ஆறு முதல் எட்டு வாரம் சாப்பாட்டை நிறுத்தி, முழுச் சத்துள்ள திரவ உணவை மட்டுமே கொடுப்பது ஸ்டீராய்டுக்கு இணையான முதல் சிகிச்சையாகவே பல இடங்களில் இருக்கிறது. உங்கள் பிள்ளையின் உயரம் ஒரு வருஷமாக ஏறவில்லை என்றால், அடுத்த முறை குடல் நோய் மருத்துவரிடம் போகும்போது உயரமும் எடையும் தேதியோடு எழுதிய தாளைக் கொண்டுபோய், அந்தத் திரவ உணவுச் சிகிச்சை பொருந்துமா என்று கேளுங்கள்.