வெறும் வண்டிக்குத்தான் அவசரம்

108 ஆம்புலன்ஸில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்குக் குடியாத்தத்திலிருந்து ஒரு மூத்தவன் எழுதுவது.

1. சைரன் போட்டுக்கொண்டு வெறும் வண்டி போனால் ஊர் நம்பாது. 'உள்ளே ஆளே இல்லை, எதுக்குப்பா இந்தக் கூச்சல்' என்பார்கள். ஆளை ஏற்றப் போகிற வண்டி வெறுமையாகத்தான் போகும். அதற்குத்தான் அவசரமும் அதிகம். ஏற்றிய பிறகு ஆக்சிஜன் இருக்கிறது, நீங்கள் இருக்கிறீர்கள். அதுவரை நோயாளிக்கு யாரும் இல்லை. 2025 ஆகஸ்ட் 18 அன்று நம் பக்கத்து ஊரான அணைக்கட்டில் எடப்பாடி பழனிசாமியின் பிரசாரக் கூட்டத்துக்குள் இப்படித்தான் ஒரு 108 வந்தது. நோயாளி இல்லாத வண்டியை வேண்டுமென்றே அனுப்புகிறார்கள் என்று அவர் மேடையிலேயே கோபப்பட்டார். இனி இப்படி வந்தால் ஓட்டுநரே நோயாளியாகப் போவார் என்றும் சொன்னார். ஆறு நாள் கழித்துத் துறையூரில் 108 ஊழியர்களைத் தாக்கியதாக அவருடைய கட்சியினர் மீது வழக்கே பதிவானது. கட்சியை விடுங்கள். எந்தப் பெரியவர் மைக்கில் அப்படிச் சொன்னாலும், கூட்டத்தின் கடைசியில் நிற்பவன் கையை ஓங்குவான். ஆகவே கூட்டம் கண்ணில் பட்டதுமே பந்தோபஸ்து போலீஸைப் பிடியுங்கள். அவர் முன்னால் நடக்கட்டும். கண்ணாடியை ஏற்றிவிட்டு நீங்கள் பின்னால் ஊருங்கள்.

2. வைகாசி முதல் நாள் நம் ஊர்க் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. தரணம்பேட்டையிலிருந்து கோபாலபுரம் வரை வெறும் தலைகள்தான் தெரியும். முந்தின வாரமே விழாக்குழுப் பெரியவர்களைப் போய்ப் பாருங்கள். எந்தச் சந்து திறந்திருக்கும் என்று அவர்கள் வாயாலேயே சொல்லிவிட்டால், அன்றைக்கு 'வழி விடுங்கடா' என்று கத்துவதும் அவர்கள்தான்.

3. பேரணாம்பட்டு, ஆம்பூர்ப் பக்கம் டேனரிக் கழிவுத் தொட்டிக்குள் ஆள் விழுந்துவிட்டார் என்று அழைப்பு வந்தால், இறங்காதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை மாதிரி நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, அடுத்து ஆளே சாய்ந்துவிடுவார். தூக்கிவிடப் போனவரும் சேர்ந்து செத்த கதை இந்தத் தொழிலில் பழசு. தீயணைப்பு வரும்வரை மேலேயே நில்லுங்கள். 'யூனிஃபார்ம் போட்டுட்டு வேடிக்கையா பாக்கற?' என்று சட்டையைப் பிடிப்பார்கள். அந்த நேரத்தில் சும்மா நிற்பதுதான் ஆபத்து. ஸ்ட்ரெச்சரை இறக்குங்கள், சிலிண்டரைத் திறந்து பாருங்கள், ஆம்பு பேகைக் கையில் எடுங்கள். வேலை நடப்பது கண்ணில் பட்டால் சட்டையைப் பிடித்த பிடி தளரும்.

4. எந்த ஆஸ்பத்திரி என்பதை வண்டி நகர்வதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். 'சி.எம்.சி.க்கே விடு' என்று பாதி வழியில் வண்டி ஓட்டும் பைலட்டின் தோளைப் பிடித்து உலுக்குகிறவர்கள் உண்டு. முதலில் குடியாத்தம் ஜி.எச்., தேவைப்பட்டால் அடுக்கம்பாறை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி; ஏன் என்பதை வீட்டுப் பெரியவரைப் பார்த்து இரண்டே வரியில். ஐயா என்றோ பாய் என்றோ கூப்பிட்டுப் பேசுங்கள்.

5. அதிகமாகக் கத்துகிறவர் கையில் டிரிப்ஸ் பாட்டிலைக் கொடுத்துத் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள்.

6. வண்டியை எப்போதும் வெளியே போகும் திசை பார்த்து நிறுத்துங்கள். குடித்தவர்கள் கூடிய வீட்டுக்குள் பெண் மருத்துவ உதவியாளர் (இ.எம்.டி.) தனியாகப் போகவே கூடாது, பைலட் கூடப் போகட்டும்.

7. அடி விழுந்தால் முதலில் கால் சென்டருக்குச் சொல்லுங்கள். பிறகு ஜி.எச்.சில் உங்களையே நோயாளியாகக் காட்டி ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) என்ட்ரி போடுங்கள், சின்னக் கீறலானாலும் எழுதச் சொல்லுங்கள். ஸ்டேஷனில் 'நம்ம ஊர்ப் பையன்தானே, பேசி முடிச்சுக்கலாம்' என்று ஒரு பிரமுகர் டீயோடு வந்து உட்காருவார். தமிழ்நாட்டில் 108 ஓடத் தொடங்கிய அதே 2008-இல் மருத்துவப் பணியாளர் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. 10 ஆண்டு வரை சிறை. புகாரில் அந்தச் சட்டத்தின் பெயரை நீங்களே எழுதுங்கள், இல்லாவிட்டால் சாதாரண அடிதடியாகப் போய்விடும். சி.எஸ்.ஆர். ரசீதோடு எழுந்து வராதீர்கள். எஃப்.ஐ.ஆர். நகலைக் கேட்டு வாங்கி, ஒரு ஜெராக்ஸ் மாவட்ட அலுவலகத்துக்கு, ஒன்று உங்கள் வீட்டு பீரோவுக்கு.