திங்கட்கிழமை காலையில் பிரிண்டர் எங்கே போகிறது?

கேள்வி: சிவகாசியில் சிறிய அச்சகம் நடத்துகிறேன். ஆபீஸில் ஏழு கம்ப்யூட்டர்கள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு நெட்வொர்க் பிரிண்டர். அதற்கு 192.168.1.5 என்று ஐபி அட்ரஸ் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார் சர்வீஸ்காரர். மற்ற நாட்களில் ஒழுங்காக ஓடுகிறது. ஞாயிறு விடுமுறை முடிந்து திங்கள் காலை வந்தால் அடிக்கடி ‘பிரிண்டர் ஆஃப்லைன்’ என்று வருகிறது. ரவுட்டரை அணைத்துப் போட்டால் சில நேரம் சரியாகிறது. உள் அறைக்கு வைஃபை எட்டாததால் இன்னொரு ரவுட்டர் வாங்கி வைத்தோம். அங்கே இருக்கும் டிசைனர் கம்ப்யூட்டரிலிருந்து பிரிண்ட் போகிறது. ஆனால் அதிலுள்ள ஃபோல்டரை முன் அறையிலிருந்து திறக்க முடியவில்லை. ஏழு கம்ப்யூட்டருக்கும் கையால் ஐபி போட்டால் எல்லாம் தீரும் என்கிறார்கள். போடலாமா? பக்கத்துத் தெரு அச்சகத்துப் பிரிண்டருக்கும் இதே 192.168.1.5தான். குழப்பம் அதனாலா?

– ஒரு வாசகர், சிவகாசி

பதில்: பக்கத்துத் தெருவை மறந்துவிடுங்கள். 5-ஆம் நம்பர் வீடு எல்லாத் தெருவிலும் இருக்கிறது. இணைய முகவரிகளின் பழைய முறையில் மொத்தம் சுமார் 429 கோடி எண்கள்தான். உலகத்தில் உள்ள ஒவ்வொரு பிரிண்டருக்கும் ஒன்று கொடுத்துக் கட்டுப்படியாகாது. அதனால் 192.168 என்று தொடங்கும் எண்களையும், 10 என்று தொடங்கும் எண்களையும், 172.16 முதல் 172.31 வரை உள்ளவற்றையும் வீட்டுக்குள், ஆபீஸுக்குள் யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிட்டார்கள். 1996-இல் எழுதப்பட்ட அந்த விதிதான் இன்றும் நடப்பில் இருக்கிறது. இந்த எண்கள் உங்கள் ரவுட்டரின் வாசலைத் தாண்டி வெளியே போவதில்லை.

மோதல் உங்கள் ஆபீஸுக்குள்தான். நீங்கள் ‘திங்கள் காலை’ என்று எழுதியது எனக்குப் பெரிய உதவி. ஆபீஸுக்குள் வரும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் போனுக்கும் ரவுட்டர்தான் எண் வழங்குகிறது, இதற்கு டி.எச்.சி.பி. என்று பெயர். எண்ணைச் சொந்தமாகக் கொடுப்பதில்லை, வாடகைக்குத்தான் கொடுக்கிறது; பல ரவுட்டர்களில் தவணை ஒரு நாள், ஞாயிறு விடுமுறையில் அது முடிந்துவிடும். உங்கள் பிரிண்டருக்கு 5 என்ற எண்ணைச் சர்வீஸ்காரர் பிரிண்டரிலேயே எழுதிவிட்டார், ரவுட்டரிடம் சொல்லவில்லை. ரவுட்டரின் கணக்கில் 5 காலி மனை. ஓர் எண்ணைக் கொடுப்பதற்கு முன் ‘அங்கே யாராவது இருக்கிறீர்களா?’ என்று குரல் கொடுத்துப் பார்க்கும் வழக்கம் பல ரவுட்டர்களுக்கு உண்டு. வார நாளில் பிரிண்டர் விழித்திருந்து பதில் சொல்லிவிடும். திங்கள் காலையில் பிரிண்டரைப் போடுவதற்கு முன்பே உங்கள் ஆட்களின் போன்கள் வைஃபையில் ஏறிவிடுகின்றன. குரலுக்குப் பதில் இல்லை. ஒரு போனுக்கு 5 போய்விடுகிறது. பிறகு பிரிண்டரும் அதே எண்ணோடு எழுந்து நிற்கிறது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். அடுத்த திங்கள், பிரிண்டரைப் போடாமல், ஆட்கள் எல்லோரும் வந்த பிறகு முன் அறைக் கம்ப்யூட்டரைத் திறந்து, ஸ்டார்ட் மெனுவில் சி.எம்.டி. என்று தட்டுங்கள். கறுப்புத் திரை வரும். அதில் பிங் கட்டளையோடு 192.168.1.5 என்று அடியுங்கள். அணைந்து கிடக்கும் பிரிண்டர் பதில் சொல்லாது. பதில் வந்தால் அந்த எண்ணில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். விண்டோஸ் கம்ப்யூட்டராக இருந்தால் ஃபயர்வால் பதிலைத் தடுத்துவிடவும் கூடும். ஆகவே அதோடு நிறுத்தாமல் ஏ.ஆர்.பி. கட்டளையையும், ஓர் இடம் விட்டு ‘-ஏ’ என்பதையும் அடியுங்கள். 5-க்கு எதிரே, ஒரு கருவியை அடையாளம் காட்டும் 12 எழுத்து கொண்ட மேக் அட்ரஸ் தெரிந்தால், ஆள் அகப்பட்டுவிட்டார்.

இதற்காக ஏழு கம்ப்யூட்டருக்கும் கையால் ஐபி போடாதீர்கள். ஒரே இடத்தில் இருக்க வேண்டிய கணக்கை ஏழு இடத்தில் எழுதியதாகிவிடும். இன்டர்நெட் கம்பெனிக்காரர் நாளை மோடத்தை மாற்றி, புதியது 192.168.31 என்று தொடங்கினால், ஏழையும் திறந்து திருத்த வேண்டும். லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்துப் போகிறவருக்கு அங்கே நெட் கிடைக்காமல் போகலாம். டைரி, காலண்டர் வேலை தலைக்கு மேல் இருக்கும் நேரத்தில் இந்தத் தொல்லை உங்களுக்கு வரக்கூடாது.

ரவுட்டரிலேயே எழுதுங்கள். அதன் அமைப்புப் பக்கத்தில் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ என்றோ ‘ஸ்டேட்டிக் லீஸ்’ என்றோ ஓர் இடம் இருக்கும். பிரிண்டரின் மேக் அட்ரஸையும் 192.168.1.5 என்ற எண்ணையும் அங்கே பதியுங்கள். மேக் அட்ரஸ், பிரிண்டரிலிருந்து எடுக்கும் நெட்வொர்க் விவரத் தாளில் அச்சாகும். பிறகு பிரிண்டரில் கையால் எழுதியதை நீக்கி, தானாக எண் வாங்கும்படி மாற்றிவிட்டு, ரவுட்டரை ஒரு முறை அணைத்துப் போடுங்கள். எண் பழையதே என்பதால் கம்ப்யூட்டர்களில் எதையும் தொட வேண்டியதில்லை.

உள் அறைச் சங்கதி வேறு. அங்கிருந்து பிரிண்ட் போகிறது, இங்கிருந்து ஃபோல்டர் திறக்கவில்லை என்றால், இரண்டாவது ரவுட்டரின் ‘வான்’ துளையில் கேபிள் செருகப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அது உள்ளே தனக்கென ஒரு தெரு போட்டு, அனேகமாக 192.168.0 என்று எண் கொடுக்கிறது. அந்தத் தெருவிலிருந்து வெளியே வரலாம், வெளியிலிருந்து உள்ளே போக முடியாது. உங்களுக்கு வேண்டியது இன்னொரு தெரு அல்ல, வைஃபை மட்டும்தான். பல ரவுட்டர்களில் ‘ஆக்சஸ் பாயிண்ட் மோட்’ என்ற தேர்வு உண்டு. அதைப் போட்டால் வேலை முடிந்தது.

அந்தத் தேர்வு இல்லையென்றால் வரிசை தவறாமல் செய்யுங்கள். முதல் ரவுட்டர் வழங்கும் எண்களை 253-உடன் நிறுத்துங்கள். இரண்டாவது ரவுட்டரின் சொந்த எண்ணை 192.168.1.254 என்று மாற்றி, அதன் டி.எச்.சி.பி.யை அணையுங்கள். கடைசியாகக் கேபிளை ‘வான்’ துளையிலிருந்து பிடுங்கி ‘லேன்’ துளை ஒன்றில் செருகுங்கள். டி.எச்.சி.பி.யை அணைக்க மறந்தால் ஒரே ஆபீஸில் எண் வழங்க இரண்டு பேர் உட்கார்ந்துவிடுவார்கள். இப்போதுள்ள தொல்லையைவிட அது மோசம்.

டிசைனர் கம்ப்யூட்டருக்கும் பிரிண்டரைப் போலவே ஓர் எண்ணை ரவுட்டரில் ஒதுக்கிவிடுங்கள். அப்படியும் ஃபோல்டர் திறக்காவிட்டால், அந்தக் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் அமைப்பில் ‘பப்ளிக்’ என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ‘பிரைவேட்’ என்று மாற்றி, ஃபைல் ஷேரிங்கையும் போட்டுவிட்டு முன் அறையிலிருந்து திறந்து பாருங்கள்.